பெயர்ப்பலகை மாறினால் மரம் மாறுமா? லேப்வியூவில் தரவு வகை மாற்றம்

செம்பனை ஆலையில் தொழிற்பயிற்சி செய்யும் தம்பி ஒருவர் மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறார். எடைமேடையிலிருந்து வரும் ஸ்ட்ரிங்கை, அதாவது எழுத்துத் தொடரை, லேப்வியூவில் (பிளாக்குகளை வயரால் இணைத்துப் புரோகிராம் எழுதும் மென்பொருள்) எண்ணாக மாற்றினால் எப்போதும் பூஜ்யமே வருகிறது. கட்டுப்பாட்டு அறையின் வெப்பநிலை, ஆலைக் கருவிகள் பேசிக்கொள்ளும் மோட்பஸ் முறை வழியாக வருகிறது. 25 டிகிரி காட்ட வேண்டிய இடத்தில் 1103626240 என்று காட்டுகிறது. மூன்றாவது, சில இடங்களில் வயர் நுழையும் வாயில் ஒரு சிவப்புப் புள்ளி தெரிகிறது, ஆனால் புரோகிராம் ஓடுகிறது. அதைக் கண்டுகொள்ள வேண்டுமா? கடைசியில் ஒரு வரி: "அண்ணே, எல்லாத்துக்கும் சேர்த்து ஒரே ஒரு கன்வர்ட் பிளாக் கிடையாதா?"

கிடையாது தம்பி. அந்தக் கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன். அது புரிந்தால் மற்ற மூன்றும் பாதி தீர்ந்துவிடும்.

நான் இருப்பது பெஸ்தாரி ஜெயாவில். 2007 வரை இந்த ஊருக்குப் பத்தாங் பெர்ஜுந்தை என்று பெயர். பெயர் மாறியபோது ஊரில் ஒரு கல்கூட நகரவில்லை. அதே கடைத்தெரு, அதே ஆறு, அதே மாமாக் கடை. பலகையில் எழுத்து மட்டும் மாறியது. இன்னொரு மாற்றத்தையும் இதே ஊரில் பார்த்திருக்கிறேன். என் அம்மா பால் வெட்டிய நிரைகளில் இன்று செம்பனை நிற்கிறது. அதற்கு ரப்பர் மரங்களைச் சாய்த்து, வேரைப் பிடுங்கி, கன்று நட்டு, முதல் குலைக்காக மூன்று வருடம் காத்திருந்தார்கள். இரண்டுக்குமே நாம் 'மாற்றம்' என்றுதான் சொல்கிறோம். முதல் மாற்றத்தில் பொருள் அப்படியே இருக்கிறது, பெயர் மாறுகிறது. இரண்டாவதில் பொருளே வேறாகிறது.

கணினிக்குள்ளும் இதே இரண்டு வேலைகள் இருக்கின்றன. நினைவகத்தில் உள்ள பிட்டுகளைத் தொடாமல், 'இனிமேல் இதை வேறு வகையாகப் படி' என்று சொல்வது ஒன்று. லேப்வியூவில் அதற்கு டைப் காஸ்ட் என்று பெயர். மதிப்பைக் காப்பாற்றிக்கொண்டு பிட்டுகளைப் புதிதாக எழுதுவது மற்றொன்று. டு டபிள், டு லாங் இன்டிஜர், ஸ்ட்ரிங் டு நம்பர் எல்லாம் இந்த ரகம். முதல் வேலை தேவைப்படும் இடத்தில் இரண்டாவதைப் போட்டாலும், இரண்டாவது தேவைப்படும் இடத்தில் முதலாவதைப் போட்டாலும் குப்பைதான் வரும். நீங்கள் என்ன நினைத்துக் கேட்கிறீர்கள் என்பது பிளாக்குக்குத் தெரியாது. அதனால்தான் ஒரே பிளாக் இல்லை.

எங்கள் பக்கத்தில் தென்னமரம் என்று ஒரு தோட்டம் உண்டு. மலேசியாவில் வணிகத்துக்காகச் செம்பனையை முதலில் நட்ட இடம் அதுதான், 1917ல். பெயர் தென்னை, பயிர் செம்பனை. பெயரை நம்பி இளநீர் கேட்டுப் போனால் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான். உங்கள் 1103626240ம் அப்படிப்பட்ட இளநீர்தான். அதை முதலில் பார்ப்போம்.

மோட்பஸில் கருவி தன் எண்களை வைக்கும் பெட்டிக்கு ரெஜிஸ்டர் என்று பெயர், ஒவ்வொன்றும் 16 பிட். அதில் தசம எண் வைக்க இடம் போதாது. அதனால் வெப்பநிலைக் கருவி 32 பிட் தசம எண்ணை, அதாவது சிங்கிளை, இரண்டாக வெட்டி அடுத்தடுத்த இரண்டு ரெஜிஸ்டர்களில் வைக்கிறது. 25.0 என்பதை, தசம எண்ணைப் பிட்டுகளாக எழுதும் ஐ-டிரிபிள்-ஈ 754 முறையில் எழுதினால் ஹெக்ஸில், அதாவது பதினாறடிமானத்தில், 41சி8 0000. முதல் ரெஜிஸ்டரை முழு எண்ணாகப் படித்தால் 16840, இரண்டாவது 0. இவற்றை ஒட்டி ஒரே 32 பிட் முழு எண்ணாகப் படித்தால் 16840 பெருக்கல் 65536. கணக்குப் போட்டுப் பாருங்கள், உங்கள் 1103626240 வரும். ஆக, கருவி சரியாகத்தான் அனுப்பியிருக்கிறது, ஒரு பிட்கூடத் தவறவில்லை. நீங்கள் தவறான பெயர்ப்பலகையை மாட்டிப் படித்திருக்கிறீர்கள்.

இந்த இடத்தில் எல்லோரும் செய்வதைத்தான் நீங்களும் செய்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன்: முழு எண் ஓடும் நீல வயரைத் தசம எண்ணின் ஆரஞ்சாக்க டு சிங்கிள் பிளாக்கைப் போட்டிருப்பீர்கள். அது மதிப்பைக் காப்பாற்றும் பிளாக். ஒரு பில்லியனுக்கு மேல் உள்ள எண்ணைக் கொடுத்தால் ஒரு பில்லியனுக்கு மேல் உள்ள எண்ணையே ஆரஞ்சு நிறத்தில் திருப்பித் தரும். இங்கே வேண்டியது டைப் காஸ்ட். செய்முறை இது: மோட்பஸ் படிப்பிலிருந்து வரும் வரிசையிலிருந்து இரண்டு யு16 எண்களை, அதாவது மைனஸ் இல்லாத 16 பிட் முழு எண்களை, எடுங்கள். ஜாயின் நம்பர்ஸ் பிளாக்கில் முதலாவதை மேல் வாயிலும் இரண்டாவதைக் கீழ் வாயிலும் கொடுத்தால் ஒரு யு32 கிடைக்கும். அதை டைப் காஸ்டுக்குக் கொடுங்கள். டைப் காஸ்டின் 'டைப்' வாயில் ஒரு எண் மாறிலியை வைத்து, வலது கிளிக் செய்து, ரெப்ரசென்டேஷனில் சிங்கிளைத் தேர்ந்தெடுங்கள். டபிளாகவே விட்டுவிட வேண்டாம், டபிள் எட்டு பைட் கேட்கும், நம்மிடம் இருப்பது நான்குதான். மறுமுனையில் 25 வரும்.

வரவில்லையா? கிட்டத்தட்டப் பூஜ்யம் போல ஏதோ ஒன்று, பத்தின் மைனஸ் 41 அடுக்கில், வருகிறதா? அப்படியானால் கருவி இரண்டு பாதிகளையும் மாற்றி அனுப்புகிறது என்று பொருள். எந்தப் பாதி முதலில் வர வேண்டும் என்பதில் தயாரிப்பாளர்களுக்குள் ஒற்றுமை கிடையாது. ஜாயின் நம்பர்ஸில் இரண்டு வயரையும் இடம் மாற்றிப் போடுங்கள், அல்லது டைப் காஸ்டுக்கு முன்னால் ஒரு ஸ்வாப் வேர்ட்ஸ் வையுங்கள். நான் வேலை பார்த்த ஆலையில் ஒருமுறை பழைய டிரான்ஸ்மிட்டர் கெட்டுப்போய், வேறு பிராண்ட் ஒன்றை மாட்டினோம். திரையில் பூஜ்யம். மத்தியானம் முழுக்க கேபிளைக் கழற்றி மாட்டினோம், டெர்மினல் திருகுகளை முறுக்கினோம், எர்த்தைப் பார்த்தோம். சாயங்காலம் தே தாரேக் குடிக்கப் போனவர்களில் ஒருவர் கையேட்டைக் கையோடு எடுத்துப்போயிருந்தார். 'வேர்ட் ஆர்டர்' என்று அரைப் பக்கம் இருந்தது. பழையதும் புதியதும் நேரெதிர். அன்றிலிருந்து புதுக் கருவி வந்தால் நான் முதலில் புரட்டுவது அந்தப் பக்கத்தைத்தான்.

அடுத்தது எடைமேடை. இதில் தலைகீழ்க் கதை. இங்கே மரத்தையே மாற்ற வேண்டும்.

'8420' என்ற ஸ்ட்ரிங் வேறு, 8420 என்ற எண் வேறு. ஸ்ட்ரிங்கில் இருப்பது ஏட்டுச் சுரைக்காய், கறிக்கு உதவாது. '8' என்ற எழுத்து நினைவகத்தில் 56 என்ற பைட்டாகத்தான் உட்கார்ந்திருக்கிறது. '0' என்பது 48, அங்கிருந்து எண்ணினால் '8' 56. அந்த எழுத்தை யு8 ஆக டைப் காஸ்ட் செய்து பாருங்கள், எட்டு வராது, 56 வரும். ஸ்ட்ரிங்கை எண்ணாக்க, ஒவ்வொரு எழுத்தையும் படித்து, இடமதிப்பு பார்த்து, கூட்டிச் சேர்க்கும் பிளாக் வேண்டும்.

அப்படிப்பட்ட பிளாக்கான டெசிமல் ஸ்ட்ரிங் டு நம்பரைத்தான் நீங்கள் போட்டிருக்கிறீர்கள். பிறகு ஏன் பூஜ்யம்? உங்கள் மேடை அனுப்பும் வரியைப் பாருங்கள். பல எடைக் கருவிகள் இந்த மாதிரி அனுப்பும்: 'எஸ்டி', கமா, 'ஜிஎஸ்', கமா, கூட்டல் குறி, 0008420, 'கேஜி', அப்புறம் கண்ணுக்குத் தெரியாத இரண்டு வரிமுடிவு எழுத்துகள். அந்த பிளாக் முதல் எழுத்திலிருந்து படிக்கும். '13' என்று தொடங்கிப் பின்னால் எழுத்து வந்தால் 13ஐ எடுத்துக்கொண்டு நின்றுவிடும். ஆனால் முதலிலேயே 'எஸ்' வந்தால்? எண் எதுவும் கிடைக்காது. பூஜ்யத்தைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடும். எர்ரர் கிடையாது, விளக்கு எரியாது. என்னைக் கேட்டால் லேப்வியூவில் மிக ஆபத்தான பண்பு இதுதான். காலி லோரியும் கெட்டுப்போன கேபிளும் திரையில் ஒரே மாதிரி தெரியும்.

இதற்கு ஸ்கேன் ஃப்ரம் ஸ்ட்ரிங் போடுங்கள். அதன் ஃபார்மேட் வாயில், மேடை அனுப்பும் நிலையான எழுத்துகளை அப்படியே எழுதி, எண் வரும் இடத்தில் சதவீதக் குறியும் சிறிய டியும் போட்டால் போதும். தசமப் புள்ளியோடு வரும் கருவியாக இருந்தால் டிக்குப் பதில் எஃப். இதில் ஒரு வசதி உண்டு: எதிர்பார்த்த வடிவத்தில் வரி வராவிட்டால் எர்ரர் 85 தரும். முதலில் வரும் 'எஸ்டி' என்பது எடை நிலைத்துவிட்டது என்பதற்கான அடையாளம். லோரி இன்னும் ஆடிக்கொண்டிருந்தால் அந்த இடத்தில் 'யுஎஸ்' வரும். ஃபார்மேட்டில் 'எஸ்டி' என்று எழுதியிருந்தால், ஆடும் எடையை உங்கள் புரோகிராம் வாங்கவே வாங்காது. எடை சரியில்லை என்று லோரிக்காரரோடு மல்லுக்கட்ட வேண்டிய அவசியமும் இருக்காது.

ஃபார்மேட் எழுதும் முன்னால் ஸ்ட்ரிங் இண்டிகேட்டரை, அதாவது திரையில் அதைக் காட்டும் பெட்டியை, வலது கிளிக் செய்து ஹெக்ஸ் டிஸ்ப்ளேக்கோ பேக்ஸ்லாஷ் கோட்ஸ் டிஸ்ப்ளேக்கோ மாற்றி ஒருமுறை பாருங்கள். சாதாரணக் காட்சியில் இடைவெளியும் வரிமுடிவும் தெரியாது. 'எனக்கு எல்லாம் சரியாகத்தான் தெரிகிறது, ஆனால் வேலை செய்யவில்லை' என்று வருபவர்களில் பலருக்கு முன்னால் ஒரு இடைவெளி அதிகமாக இருக்கும், அல்லது முந்தைய வரியின் வால் ஒட்டிக்கொண்டிருக்கும்.

தசம எண்ணுக்கு ஃபிராக்ட்-எக்ஸ்ப் ஸ்ட்ரிங் டு நம்பரைப் பயன்படுத்துவதானால், அதன் 'டிஃபால்ட்' வாயில் என்ஏஎன் என்ற மாறிலியைக் கொடுங்கள், அதாவது 'எண் அல்ல' என்ற சிறப்பு மதிப்பு. பிறகு குப்பை வந்தால் பூஜ்யம் வராது, என்ஏஎன் வரும். கிராஃபில் அந்த இடம் வெறுமையாக விழும், பார்த்தவுடன் தெரிந்துவிடும்.

அதே பிளாக்கில் இன்னொரு வாய் இருக்கிறது: 'யூஸ் சிஸ்டம் டெசிமல் பாயின்ட்'. யாரும் அதைப் பார்ப்பதில்லை. நாமாக எதுவும் கொடுக்காவிட்டால் கணினியின் வட்டார அமைப்பு எதைத் தசமக் குறி என்கிறதோ அதையே அது எடுத்துக்கொள்ளும். இங்கே நாம் புள்ளி போடுகிறோம், இந்தோனேசியாவில் கமா போடுகிறார்கள். ஒருமுறை அங்கிருந்து வந்த ஒரு கணினியில் எங்கள் புரோகிராமைப் போட்டோம். 12.5 என்று வந்த அழுத்தம் எல்லாம் 12 ஆகிவிட்டது. புள்ளியைக் கண்டதும், எண் முடிந்தது என்று நின்றுவிட்டது. பூஜ்யமாகியிருந்தால் உடனே கண்டுபிடித்திருப்போம். 12 என்பது நம்பும்படியான எண் அல்லவா, இரண்டு நாள் யாரும் கவனிக்கவில்லை. அந்த வாயில் ஃபால்ஸ் கொடுத்துவிடுங்கள், எந்த ஊர்க் கணினியானாலும் புள்ளியைப் புள்ளியாகவே படிக்கும்.

எண்ணை ஸ்ட்ரிங்காக்கும் எதிர்த்திசையில் ஒன்றே ஒன்று சொல்கிறேன். நம்பர் டு டெசிமல் ஸ்ட்ரிங் என்ற பெயரில் டெசிமல் இருக்கிறதே என்று ஏமாற வேண்டாம். அது பத்தடிமான முழு எண்ணைத்தான் எழுதும். 12.7ஐக் கொடுத்தால் '13' என்று எழுதும். தசமம் வேண்டும் என்றால் நம்பர் டு ஃபிராக்ஷனல் ஸ்ட்ரிங், அல்லது ஃபார்மேட் இன்டு ஸ்ட்ரிங்.

இனி சிவப்புப் புள்ளி.

லேப்வியூவில் வயரின் நிறமே உள்ளே ஓடுவது என்ன என்று சொல்லிவிடும். முழு எண் நீலம், தசம எண் ஆரஞ்சு, ஆம்-இல்லை பச்சை, ஸ்ட்ரிங் இளஞ்சிவப்பு. ஒட்டவே ஒட்டாத இரண்டை இணைத்தால் வயர் உடைந்து, நடுவில் சிவப்புப் பெருக்கல் குறியோடு நிற்கும், ரன் அம்பும் உடையும். பயல்கள் இதைப் பார்த்துத்தான் பயப்படுகிறார்கள். எனக்கு உடைந்த வயர் பிடிக்கும், அது முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுகிறது. எண்ணுக்கும் எண்ணுக்கும் இடையில் வகை மட்டும் வேறாக இருந்தால் லேப்வியூ வயரை உடைக்காது. தானே மாற்றிக்கொண்டு, 'இங்கே நானாக ஒன்று செய்தேன்' என்று நுழைவாயில் ஒரு சிவப்புப் புள்ளி வைத்துவிட்டுப் போய்விடும். கோயர்ஷன் டாட் என்பார்கள்.

சின்ன வகையிலிருந்து பெரிய வகைக்குப் போகும்போது, உதாரணமாக ஐ16, அதாவது மைனஸும் பிடிக்கும் 16 பிட் முழு எண், டபிளுக்குள் நுழையும்போது, ஒன்றும் கெடாது. ஆழாக்குப் பாலை அண்டாவில் ஊற்றுவது போல. மிகப் பெரிய வரிசைகளாக இருந்தால் மட்டும் ஒரு நகல் எடுக்கும், நினைவகம் செலவாகும். தலைகீழாகப் போனால்தான் சிந்தும். ஆலையின் எண்ணெய்ப் பிழிவு விகிதம் சுமார் 20 சதவீதம் என்று வையுங்கள், அதாவது 0.2. அதை நீல நிற முழு எண் இண்டிகேட்டரில் இணைத்தால் ஒரு சிவப்புப் புள்ளியோடு 0 என்று காட்டும். அத்தனை டன் குலையைப் பிழிந்தும் ஒரு சொட்டு எண்ணெய் இல்லை!

அரை வந்தால் எங்கே போகும் என்று அடுத்துக் கேட்பீர்கள். 2.5 மேலே போய் 3 ஆகும் என்றுதான் பள்ளிக்கூடத்தில் படித்தோம். லேப்வியூ அப்படிச் செய்யாது. சரிபாதி என்றால் பக்கத்தில் உள்ள இரட்டை எண்ணுக்குப் போகும். 2.5 இரண்டாகும், 3.5 நான்காகும். இது பிழை என்று சண்டைக்கு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். காரணத்தோடுதான் செய்திருக்கிறார்கள்: அரைகளை எப்போதும் மேலேயே தள்ளினால், ஆயிரம் எடையைக் கூட்டும்போது மொத்தம் ஒரே பக்கம் சாய்ந்துவிடும். பாதி மேலே, பாதி கீழே என்று போனால் ஏறக்குறைய சமமாகிவிடும். என் அம்மா வெட்டிய ரப்பர் பாலை எடைபோட்ட காலத்தில் தோட்டத்தில் அரைக் கிலோவை எழுதவே மாட்டார்கள், எப்போதும் கீழே. ஒரு நாளைக்கு அரைக் கிலோ என்றால் மாதத்துக்கு எவ்வளவு என்று அம்மா வாய்க்கணக்காகச் சொல்வார். சம்பளச் சீட்டு வரும் நாளில் வீட்டில் அதே பேச்சுதான். ஒரே பக்கம் சாயும் ரவுண்டிங் என்றால் என்ன என்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியிருக்கவில்லை.

புள்ளி இருக்கும் இடம் சரியாக இருந்து, கணக்கு அதற்கு முன்னாலேயே கெட்டிருப்பதும் உண்டு. குலை எண்ணிக்கை 2000, ஒரு குலை சராசரி 20 கிலோ. இரண்டுமே ஐ16. பெருக்கினால் 40000. ஆனால் ஐ16ஐயும் ஐ16ஐயும் பெருக்கினால் லேப்வியூ ஐ16 ஆகத்தான் விடை தரும், அதில் அதிகபட்சம் 32767. மிஞ்சியது சுற்றிக்கொண்டு மறுபக்கம் வந்து, மைனஸ் 25536 என்று நிற்கும். அந்த வயரைப் பிறகு டபிள் இண்டிகேட்டரில் இணைத்தால், புள்ளியும் வரும், ஆரஞ்சும் வரும், மைனஸும் வரும். ஆலை குலை வாங்கவில்லை, குலையைக் கடன் கொடுத்துக்கொண்டிருக்கிறது போல இருக்கும். பெருக்கலுக்குப் பிறகு அகலப்படுத்திப் பயனில்லை, முன்னாலேயே இரண்டு வயரையும் ஐ32 ஆகவோ டபிளாகவோ மாற்ற வேண்டும்.

இதிலேயே ஒரு வேடிக்கை. 40000 என்ற அதே எண்ணை ஐ16க்குள் திணிப்பதற்கு இரண்டு வழிகள் உண்டு. அது டபிளாக இருந்து ஐ16க்குப் போனால், எல்லையில் முட்டி 32767 ஆகும். ஐ32 ஆக இருந்து ஐ16க்குப் போனால், மேல் பிட்டுகள் வெட்டுப்பட்டு மைனஸ் 25536 ஆகும். முழு எண்ணிலிருந்து முழு எண்ணுக்கு மாறும்போது லேப்வியூ கீழ்ப் பிட்டுகளை மட்டும் நகலெடுக்கும், மிஞ்சியதைச் சோதிக்காது. திரையில் 32767ஐயோ மைனஸ் 25536ஐயோ பார்த்தால், எந்த வழியாக அது உள்ளே விழுந்தது என்று எண்ணை வைத்தே சொல்லிவிடலாம்.

சிங்கிளைப் பற்றியும் எச்சரிக்க வேண்டும். சிங்கிளால் முழு எண்களைத் தொடர்ச்சியாக 16777216 வரைதான் பிடிக்க முடியும், இரண்டின் 24ஆம் அடுக்கு அது. ஒரு தண்ணீர் மீட்டர் லிட்டருக்கு ஒரு துடிப்பு அனுப்புகிறது, நீங்கள் சிங்கிள் ஒன்றில் ஒவ்வொன்றாகக் கூட்டுகிறீர்கள். 16777216ஐத் தொட்டதும் அதோடு ஒன்றைக் கூட்டினாலும் அதே எண்தான் வரும். மீட்டர் நின்றுவிட்டது என்று குழாயைத் திறந்து பார்ப்பார்கள். தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும். எண்ணிக்கைக்கு யு64 வையுங்கள். தசமம் வேண்டுமென்றால் டபிள். கருவி சிங்கிளில் அனுப்புகிறதே என்றால், வாங்கிய இடத்திலேயே டபிளாக்கிவிட்டுக் கூட்டுங்கள்.

புள்ளியைக் கண்டால் நான் என்ன செய்கிறேன் என்று கேட்டால்: அந்த வயரில் டு டபிள், டு ஐ32 என்று ஒரு பிளாக்கை வெளிப்படையாக வைத்துவிடுவேன். விடை மாறாது, புள்ளி போய்விடும். அடுத்து வந்து படிப்பவருக்கு, இங்கே வகை மாறுவது தெரிந்தே செய்தது என்று புரியும். இன்னொன்று, மாற்றம் எல்லாவற்றையும் வாசலில் வைத்துவிடுவேன். வீட்டுக்குள் வரும் முன் செருப்பைக் கழற்றுகிறோம் அல்லவா? எடைமேடை, மோட்பஸ், கோப்பு என்று வெளியிலிருந்து வரும் ஒவ்வொன்றுக்கும் ஒரு சப்-விஐ, அதாவது தனியாக ஒரு துணைப் புரோகிராம். அதன் இடப்பக்கம் கச்சா பைட், வலப்பக்கம் அலகோடு கூடிய சுத்தமான எண். உள்ளே எங்கும் ஸ்ட்ரிங்கும் கிடையாது, ரெஜிஸ்டரும் கிடையாது. கருவி மாறினால் அந்த ஒரு சப்-விஐயைத் திறந்தால் போதும்.

ஆம்-இல்லை வகை பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் பாய்லர் நிலையைப் படிக்கத் தொடங்கியதும் கேட்பீர்கள். இயந்திரங்களைக் கட்டுப்படுத்தும் கணினியான பிஎல்சி ஒரே எண்ணில் பதினாறு விளக்குகளை அடைத்து அனுப்பும். 37 என்று வந்தால் அது அளவு அல்ல, 32ம் 4ம் 1ம் சேர்ந்தது. நம்பர் டு பூலியன் அரேயில் விட்டால், வரிசையில் 0, 2, 5 ஆகிய இடங்களில் ட்ரூ வரும். கடைசி பிட்தான் 0ஆம் இடம், இடமிருந்து எண்ணிவிட வேண்டாம்.

எந்த வகையையும் உள்ளே வைக்கும் வேரியன்ட் பக்கம் இப்போதைக்குப் போகாதீர்கள். உறை ஒட்டிய பார்சல் மாதிரி, உள்ளே என்ன என்று தெரிந்தால்தான் பிரிக்க முடியும். தவறான வகை சொல்லிப் பிரித்தால் எர்ரர் 91 வரும். அது வந்தால் என்னிடம் கேளுங்கள்.

உங்கள் நண்பர் இதே போல வயர் இழுத்துப் புரோகிராம் எழுதும் நோட்-ரெட்டில் செய்யலாம் என்கிறாராமே, அங்கே வயருக்கு நிறமே கிடையாது என்பதையும் சொல்லிவிடுங்கள். வயர் எதை வேண்டுமானாலும் சுமக்கும், கீழே ஓடுவது ஜாவாஸ்கிரிப்ட். சீரியலில் வந்த '8420'ஐயும் '7960'ஐயும் எண்ணாக்காமல் கூட்டினால் 16380 வராது, '84207960' வரும். இரண்டு லோரியில் எண்பத்து நாலு மில்லியன் கிலோ! தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் துண்டுகளை ஒட்டிப் புரோகிராம் எழுதி விளையாடும் ஸ்க்ராட்ச் இன்னும் தாராளம். அங்கே 'மாம்பழம்' என்ற சொல்லோடு ஒன்றைக் கூட்டினால் 1 வரும், எண்ணாகாத எழுத்தைப் பூஜ்யமாக எடுத்துக்கொள்கிறது. ஆனால் அதில் ஒரு அழகு உண்டு. ஆம்-இல்லை கேட்கும் துளை அறுகோணம், மற்றவை உருண்டை. உருண்டைத் துண்டை அறுகோணத் துளையில் நுழைக்கவே முடியாது. லேப்வியூ நிறத்தில் சொல்வதை அது வடிவத்தில் சொல்கிறது. ஒன்பது வயதுப் பிள்ளைக்கு நான் வகை என்றால் என்ன என்று விளக்கியது அதை வைத்துத்தான். தனக்கு ஏற்கெனவே தெரியும் என்று சொல்லிவிட்டு அவள் ஸ்க்ராட்ச் திரையில் உள்ள பூனையை நகர்த்தப் போய்விட்டாள்.

கடைசியாக, எடைச்சீட்டில் நேரம் போடப் போகிறீர்கள் என்பதால் இது. லேப்வியூவின் டைம்ஸ்டாம்பை டபிளாக மாற்றினால் 1904 ஜனவரி 1லிருந்து, கிரீன்விச் நேரப்படி, எத்தனை விநாடி என்று வரும். லேப்வியூ 1986ல் முதலில் மெக்கின்டோஷில் வந்தது, அங்கே காலக்கணக்கு அந்த வருடத்தில்தான் தொடங்கியது. உங்கள் டேட்டாபேஸ் பெரும்பாலும் 1970லிருந்து எண்ணும். அப்படியே அனுப்பினால் இன்று வந்த லோரி அறுபத்தாறு வருடம் கழித்து வந்ததாகப் பதிவாகும். அனுப்பும் முன் 2082844800ஐக் கழித்துவிடுங்கள். டபிளில் கழியுங்கள், ஐ32ல் வேண்டாம். ஐ32 2147483647ஓடு முடிந்துவிடும், 1904லிருந்து எண்ணும் விநாடி அதை எப்போதோ தாண்டிவிட்டது. நம்முடைய எட்டு மணி நேரத்தை அந்த எண்ணில் கூட்டாதீர்கள், திரையில் காட்டும்போது மட்டும் கூட்டினால் போதும்.

வீட்டில் செய்துபார்க்க லேப்வியூவின் கம்யூனிட்டி எடிஷன் இருக்கிறது, 2020லிருந்து சொந்த உபயோகத்துக்கு இலவசம். ஆலைக் கணினியில் கை வைக்கும் முன் அதில் 16840ஐயும் 0ஐயும் மாறிலிகளாக வைத்து 25 வருகிறதா என்று பாருங்கள். எடைமேடை வரி இன்னும் பூஜ்யம் காட்டினால், ஹெக்ஸ் டிஸ்ப்ளேயில் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். சாதாரணக் காட்சியின் படம் வேண்டாம்.